அண்ணி எழுதாமல் விட்ட முதல் வரி

என் அண்ணி பதினாறு வயதில் ஒரு கணக்குக்குப் பூஜ்யம் வாங்கினாள். விடை தப்பு என்பதற்காக இல்லை, சரியாக இருந்ததற்காக. இதை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவளைக் கண்டாலே ஆகாத காலத்தில் கேட்டும் அப்படி ஆனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இதுதான். தாயின் வயது மகளின் வயதைப் போல் நான்கு மடங்கு. ஆறு வருடம் கழித்து மூன்று மடங்காக இருக்கும். இருவருக்கும் இப்போது என்ன வயது? வகுப்பில் எல்லோரும் மகளின் வயது x என்று வைத்துக்கொண்டு, தாயை 4x ஆக்கி, 4x + 6 = 3(x + 6) என்று எழுதி, பிரித்து, கூட்டி, கழித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி சன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பார்த்தாள். மகளுக்கு 12, தாய்க்கு 48 என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எதையும் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிடுகிற பழக்கம் அவளுக்கு. வழி எங்கே, முதல் வரி எங்கே, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதினாயா என்று கேட்டு, வாத்தியார் ஐந்து மதிப்பெண்ணையும் குறுக்கே அடித்துவிட்டார். அண்ணி வாங்கியது முப்பத்திரண்டு, தேறுவதற்கு வேண்டியது முப்பத்தைந்து. அத்தோடு அவள் படிப்புக்கு முழுக்குப் போட்டார்கள்.

பக்கத்தில் இருந்தவள் பதினான்கு என்று எழுதியிருந்தாளாம். அதை வைத்தாவது யோசித்திருக்க வேண்டாமா அந்த மனுஷன்? இருபத்தைந்து வருடம் கழித்தும் அண்ணி அதைத்தான் கேட்பாள்.

நான் அவள் கணவனின் தங்கை. ஒரே கட்டடத்தில் அண்ணன் குடும்பம் மாடியில், நானும் என் வீட்டுக்காரரும் கீழே. அது போதாதென்று வேலையும் ஒரே இடத்தில். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால், கருவிகளைக் கழுவி ஊறவைக்கிற அறை. காலை ஷிப்ட் அண்ணி, மதியம் ஷிப்ட் நான். கொதிக்கவைக்கக் கூடிய சாமான்கள் வேறு அறைக்குப் போய்விடும். எங்களிடம் வருவது சூடு பட்டால் கெட்டுப்போகிற மெல்லிய குழாய்களும் கண்ணாடி முனைகளும். மூட்டுக்குள் விட்டுப் பார்ப்பது, வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பது என்று விதவிதமாக இருக்கும். அவற்றைக் கிருமிநாசினியில் ஊறப்போட வேண்டும். ஆளுக்கொரு தொட்டி. அண்ணியின் தொட்டி புதிது, வெளியே லிட்டர் கோடுகள் பளிச்சென்று தெரியும். என் தொட்டியில் கோடெல்லாம் தேய்ந்து போயிருந்ததால், எதை ஊற்றினாலும் லிட்டர் ஜக்கால் எண்ணித்தான் ஊற்றுவேன். இந்தத் தேய்ந்த கோட்டை மறந்துவிடாதீர்கள்.

அண்ணி அந்த அறையில் பதினான்கு வருடம் மருந்தில் கை வெந்து வேலை பார்த்திருக்கிறாள். அங்கே டெக்னீசியன் வேலை ஒன்று காலியானது. எல்லா வேலையும் தெரிந்தவள் அவள்தான், ஆனால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று விதி. சான்றிதழ் மட்டும் வந்துவிட்டால் உன் பெயரைத்தான் எழுதுவேன் என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லிவிட்டார். அண்ணி நாற்பத்தோரு வயதில் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு வந்து நின்றபோது அண்ணன் இந்த வயசிலா என்றான். நான் சிரித்தேன். இப்போது அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சிரித்தேன்.

மகனின் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவாள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும். ஒரு மாதத்தில் அவளுக்கு எக்ஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. வாயைத் திறந்தால் எக்ஸ்னு வச்சுக்கோ என்றுதான் ஆரம்பிப்பாள். உங்கண்ணன் வர்றேன்னு சொல்ற நேரத்தை எக்ஸ்னு வச்சுக்கோ, ஆள் வர்றது ரெண்டு எக்ஸ் கூட்டல் பதினஞ்சு நிமிஷம் என்பாள். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று போன அண்ணன் முப்பத்தைந்தாவது நிமிஷம் வாசலில் செருப்பைக் கழற்றினான். எனக்குத் திக்கென்றது. அண்ணி புருவத்தை மட்டும் தூக்கினாள். வேலை செய்கிற இடத்தில் எக்ஸக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் சரி, என் தலையில் கை வைக்கும்வரை. ஒருநாள் ஷிப்ட் மாறுகிற நேரம், எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். மருந்துக் கிடங்கைப் பார்க்கிற ஸ்டோர்காரர் அண்ணியைச் சீண்டினார், எங்கே எக்ஸக்கா, எனக்கொரு கணக்கு போடுங்கள் பார்க்கலாம் என்று. அண்ணி யோசிக்கவே இல்லை. என் வயசையும் என் நாத்தனார் வயசையும் கூட்டினா எழுபத்தொன்பது, நான் அவளைவிட மூணு வருஷம் பெரியவ என்று சொல்லிவிட்டாள். ஸ்டோர்காரர் சிகரெட் அட்டையின் பின்பக்கம் என் வயதை x என்று எழுதினார். x + x + 3 = 79. இரண்டு எக்ஸ் எழுபத்தாறு. பேனாவை மூடினார், என்னைப் பார்த்தார். "முப்பத்தெட்டா?" என்றார்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் நான்கு வருடமாக முப்பத்து நான்கு. எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது, சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். அண்ணிக்கு நான் ஏன் எழுந்து போகிறேன் என்பதே உடனே புரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவள் இரண்டு முறை மாடியிலிருந்து இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தைக் கூட்டினேன். பிறகு அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஷிப்ட் மாறும்போது நேரில் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள், நான் சிங்க்கைப் பார்த்து உம் என்பேன்.

அப்படி இருக்கையில்தான் மருந்து மாறியது. அதுவரை அப்படியே ஊற்றுகிற மாதிரி கலந்தே வந்துகொண்டிருந்தது. இப்போது மூன்று லிட்டர் கேனில் கெட்டியாக வந்தது, தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒரு கேன். கேனில் நூற்றுக்கு ஆறு பங்கு மருந்து இருக்கிறது, நூற்றுக்கு இரண்டு பங்காக்கிப் பயன்படுத்து என்று மட்டும் துண்டுத்தாளில் போட்டிருந்தது. இரண்டுக்குக் குறைந்தால் கிருமி சாகாது. நிறம் மாறிக் காட்டுகிற சோதனைத் தாள் பின்னால் வரும் என்றார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் அண்ணியைக் கூப்பிட்டு, பரீட்சைக்குப் படிக்கிறவள் நீயே போடு, நான் சரிபார்க்கிறேன் என்றார்.

அண்ணியின் வாழ்க்கையில் கேலிக்கு இல்லாமல் ஒருவர் அவளிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளை போர்டைத் துடைத்து, கொட்டை எழுத்தில் எழுதினாள்.

6 × 3 = 2 × x
18 = 2x
x = 9

கேனில் இருக்கிற மருந்துதான் தொட்டியிலும் இருக்கப்போகிறது, தண்ணீர் சேர்ந்ததால் மருந்து கூடவும் செய்யாது குறையவும் செய்யாது, ஆகவே இரண்டு பக்கமும் சமம் என்று அவள் சிஸ்டருக்கு விளக்கினாளாம். சிஸ்டர் சரி என்று தலையாட்டிக் கீழே கையெழுத்தும் போட்டார். சரிதான். கேனைத் தன் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, ஒன்பதாவது கோடுவரை தண்ணீர் பிடித்தாள் அண்ணி. அதுவும் சரி.

மதியம் நான் வந்தேன். அண்ணி சுவரைப் பார்த்து, "புது மருந்து, போர்டுல இருக்கு," என்றாள். நான் சிங்க்கைப் பார்த்து உம் என்றேன். அவள் போய்விட்டாள். போர்டில் ஒன்பது என்று இருந்தது. கேனைக் கவிழ்த்தேன், ஒன்பது ஜக் தண்ணீர் எண்ணி ஊற்றினேன்.

கருவித் தட்டை இறக்கியதும் தொட்டி வழிந்து என் காலெல்லாம் நனைந்தது. தரையைத் துடைத்தேன். மறுநாளும் வழிந்தது. மூன்றாம் நாள் நான் சற்று முன்னதாக வந்துவிட்டேன், அண்ணி கை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தொட்டியின் மூடி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். என் தொட்டியைவிட நான்கு விரல் கீழே இருந்தது தண்ணீர். மருந்து நெடியும் என்னுடையதைவிடச் சுள்ளென்று மூக்கில் ஏறியது. ஏன் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். இவளிடம் போய் வாயைத் திறப்பதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன். இப்படியே பதினோரு நாள் ஓடியது.

பன்னிரண்டாம் நாள் சோதனைத் தாள் வந்தது. சிஸ்டர் என் தொட்டியில் நனைத்துப் பார்த்தார். நிறம் மாறவில்லை. இன்னொன்றை நனைத்தார், அதுவும் மாறவில்லை. அவர் முகம் வெளிறிப்போனதை அவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்த்தேன். அதே வாரத்தில் மதிய நேரத்தில் சிகிச்சை நடந்த மூன்று பேருக்குக் காய்ச்சலும் சீழும் வந்து, மாடி வார்டில் திரும்பப் படுத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதில் ஒருவர் பஸ் ஓட்டுநர். முட்டியில் சின்ன சிகிச்சை, இரண்டு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர். சிஸ்டர் அதைச் சொன்னதும் நான் தொட்டியை விட்டுப் பின்வாங்கி நின்றேன். தொட்டித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு ஒன்றரை என்று முடிவு வந்தது.

அதற்கு மூன்றாம் நாள் நிர்வாக அதிகாரி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நீள மேசை, நடுவில் அதிகாரி. ஒருபக்கம் சிஸ்டர், மறுபக்கம் ஸ்டோர்காரர். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், உட்காரச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்டோர்காரர் முன்னால் ஒரு தாள் இருந்தது. மனுஷனுக்கு என் வயதைக் கண்டுபிடித்ததிலிருந்தே கணக்கில் ருசி ஏற்பட்டுவிட்டது போல. தொட்டியில் மொத்தம் ஒன்பது லிட்டர் இருக்க வேண்டும் என்று போர்டில் இருக்கிறது, அதில் ஒன்றரைப் பங்குதான் மருந்து இருக்கிறது, அப்படியானால் கேனிலிருந்து ஊற்றிய மருந்து எவ்வளவு என்று வாசித்தார். ஊற்றிய மருந்து x. 6x = 1.5 × 9. அதாவது பதின்மூன்றரை. x இரண்டே கால் லிட்டர். கேனில் இருப்பது மூன்று. நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் குறைகிறது, பதினோரு நாளைக்கு எட்டே கால் லிட்டர். தாளை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அதிகாரிதான் உடைத்துச் சொன்னார்.

"எட்டே கால் லிட்டர் மருந்து எங்கம்மா போச்சு?"

நான் திருடி. அதுதான் விஷயம். வெளியே இந்தக் கெட்டி மருந்துக்கு ஏகப்பட்ட கிராக்கி என்று ஸ்டோர்காரர் சொல்வது எங்கோ தூரத்தில் கேட்டது. ஏழு வருடம் வேலை பார்த்த இடத்தில் ஒரு பஞ்சுருண்டைகூட நான் வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டார்கள். போர்டில் போட்டிருந்த மாதிரி என்றேன். கேன் முழுவதையும் ஊற்றினீர்களா என்று கேட்டார்கள். முழுவதையும் ஊற்றினேன் என்றேன். ஒன்பது ஜக் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை, எத்தனை ஜக் என்று கேட்க அவர்களுக்கும் தோன்றவில்லை. கேஸை போலீசுக்குக் கொடுப்பதா, வேலையை விட்டு மட்டும் அனுப்புவதா என்பதுதான் இனிமேல் பேச வேண்டியது என்றார் அதிகாரி.

போர்டில் எழுதியது சரியா என்று பதிவு செய்துகொள்ள அண்ணியைக் கூப்பிட்டார்கள். சரிதான் என்றாள். நீ போகலாம் என்றார்கள். அவள் போகவில்லை. ஸ்டோர்காரரின் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். மூன்று முறை படித்திருப்பாள். படித்துவிட்டு, ஏன் மருந்தை எக்ஸ் என்று வைத்தீர்கள் என்று கேட்டாள். குறைந்தது அதுதானே என்றார் அவர்.

"குறைஞ்சதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? அவ கேன் முழுசா ஊத்தினேன்னு சொல்றா. அப்போ மூணு மாறாது. தெரியாதது தண்ணிதான். தண்ணியத்தான் எக்ஸ்னு வைக்கணும்."

இரண்டு மாதமாக என் முகத்தைப் பார்க்காதவள். நான் சொன்னதை உண்மை என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்த ஒரே ஆள் அந்த அறையில் அவள்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் யாரையும் கவனிக்கவில்லை, ஸ்டோர்காரரின் பேனாவைக் கேட்டு வாங்கி நின்றபடியே எழுதினாள். அவசரப்படாமல், ஒவ்வொரு வரியாக.

சேர்த்த தண்ணீர் x என்க.
6 × 3 = 1.5 × (3 + x)
18 = 4.5 + 1.5x
13.5 = 1.5x
x = 9

எழுதி முடித்தவள் அசையவில்லை. ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பேனா உருண்டு மேசைக்கு அடியில் விழுந்தது, ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எத்தனை ஜக் ஊத்தின?"

"ஒன்பது. நீங்கதானே அண்ணி எழுதியிருந்தீங்க."

பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் போட்டிருந்த அதே நாற்காலி. போர்டில் எழுதிய ஒன்பது தொட்டியில் இருக்க வேண்டிய மொத்தம், இவள் ஊற்றிய ஒன்பது வெறும் தண்ணீர், ஊற்ற வேண்டியது ஆறுதான் என்று தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னாள். பன்னிரண்டு லிட்டரில் மூன்று லிட்டர் மருந்து, அதுதான் ஒன்றரை, ஒரு சொட்டுக்கூட எங்கேயும் போகவில்லை என்றாள். எட்டே கால் லிட்டர் திருட்டு நாலு வரியில் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் ஓட்டுநரின் முட்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஸ்டோர்காரர் கெட்டவர் இல்லை. அண்ணியின் டெக்னீசியன் வேலைக்கான கோப்பு அதே மேசையின் ஓரத்தில் இருந்தது அவருக்குத் தெரியும். போர்டில் போட்ட விடை சரிதானே, படித்துப் புரிந்துகொள்ளாதது ஊற்றினவர் தப்பு, எக்ஸக்கா பேரில் ஒன்றும் இல்லை என்று அவளுக்கு வழி செய்து கொடுத்தார். சிஸ்டரும் நிமிர்ந்து பார்த்தார், அவர் கையெழுத்தும் போர்டில் இருந்ததே. அண்ணி உம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் திருடியிலிருந்து மக்காகி வீட்டுக்குப் போயிருப்பேன், அவள் டெக்னீசியன் ஆகியிருப்பாள்.

"விடை சரி சார். எக்ஸ்னா என்னன்னு முதல் வரி எழுதணும். நான் எழுதல. எனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு விட்டுட்டேன். தப்பு என்னோடது," என்றாள்.

அதிகாரி வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பதினோரு நாள்ல உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலையாம்மா?"

வழிந்த தண்ணீர், நான்கு விரல் இடைவெளி, மூக்கில் ஏறிய நெடி, எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"இல்ல சார்," என்றேன்.

அண்ணி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கீழே குனிந்து பேனாவைத் தேடினாள்.

அன்றைக்கே தீர்ப்பு. சிஸ்டருக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கு ஒன்றுமில்லை, வேலை தங்கியது. அண்ணியின் கோப்பை மூன்று வருடத்துக்கு மூடிவைத்தார்கள், அவளைத் துணி மடிக்கிற பகுதிக்கு மாற்றினார்கள். பதினான்கு வருடம் ஒரு கண்ணாடி முனைகூட உடைக்காத கைக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும். சலவைக் குவியலுக்கு முன்னால் அவள் முதல்நாள் நின்றதைப் பார்த்துவிட்டு ஆடிப்போய் வந்தேன். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் தேறி வீட்டுக்குப் போனார்கள். ஓட்டுநரும் தேறினார், முட்டி மட்டும் முழுவதும் மடங்கவில்லை. பஸ் ஓட்டுகிற வேலை போய், டிப்போவில் சாவி கொடுத்து வாங்குகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். இதை அவரே அண்ணியிடம் சொன்னார். ஆமாம், அண்ணி வார்டுக்குப் போய் அவர் கட்டிலின் அருகே நின்று, நான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் திட்டினாரா என்று கேட்டேன். இல்லையாம். என்ன எழுதினே என்று கேட்டாராம், முதலிலிருந்து எழுதிக் காட்டச் சொன்னாராம்.

இனி எதற்குப் பரீட்சை என்று அண்ணன் கேட்டான். அண்ணி புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் போய் உட்கார்ந்தாள். முன்பு நோட்டில் விடைகள் மட்டும் எறும்பு வரிசையாக இருக்கும். இப்போது பக்கத்துக்கு ஒரு கணக்கு. பெட்டியில் உள்ள பந்துகளின் எண்ணிக்கை x என்க. மகளின் இப்போதைய வயது ஆண்டுகளில் x என்க. ஒவ்வொரு கணக்குக்கும் அந்த முதல் வரியை எழுதி, அடியில் ஒரு கோடு.

நாங்கள் பேசத் தொடங்கியிருந்தோம், எனக்கு அவள் முகத்தைப் பார்ப்பதுதான் முடியவில்லை. கணக்குப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் இரண்டு டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு படியேறினேன். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். ஒன்றை விட்டுவிட்டேன், நேரம் போதவில்லை, எழுதினதெல்லாம் முழுசு என்றாள். நான் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணி, எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சு. மூணாவது நாளே வந்துச்சு. உங்க தொட்டிய எட்டிப் பார்த்தேன். கேட்கல. அன்னிக்கு அந்த ரூம்ல பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"தெரியும்," என்றாள்.

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவளே சொன்னாள், படிக்கட்டில் விரலால் கோடு இழுத்தபடி. என் தொட்டி விளிம்புவரை பன்னிரண்டு லிட்டர்தான் பிடிக்கும். அதில் பன்னிரண்டும் ஊற்றிவிட்டுத் தட்டை இறக்கினால் வழியாமல் எங்கே போகும். பதினோரு நாள் நான் தரை துடைத்திருப்பேன். ஒருநாள் துடைத்தால் கவனிக்காமல் இருக்கலாம், பதினோரு நாள் துடைக்கிறவள் யோசிக்காமல் இருக்க மாட்டாள். ஒன்பது என்று விடை வந்த அந்த நிமிஷமே இதுவும் தெரிந்துவிட்டது என்றாள்.

"அப்போ அங்கேயே சொல்லியிருக்கலாமே அண்ணி. பாதித் தப்பு என்னோடதுன்னு ஆகியிருக்கும். உங்க கோப்பை மூடியிருக்க மாட்டாங்க."

அவள் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது, முகத்தைச் சுளித்தாள்.

"அந்தக் கேள்வி உன்னைக் கேட்டாங்க. உன் பேப்பர்ல நான் எப்படி எழுதுறது?"

மறுநாள் என் ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே நிர்வாக அதிகாரி அறைக்குப் போனேன். என்ன விஷயம் என்றார். வழிந்த தண்ணீரிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். பாதியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இத்தனை நாள் கழித்து எதற்கு வந்து சொல்கிறீர்கள் என்று கேட்டார். சரியான பதில் தெரியவில்லை, அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் எழுதுகிறேன் சார் என்றேன். அண்ணியின் மூன்று வருடத்தை ஒன்றாகக் குறைத்தார். மீதி இரண்டை என் பேரில் போட்டு, என்னையும் துணி மடிக்கிற பகுதிக்கு அனுப்பினார்.

இப்போது இருவருக்கும் ஒரே ஷிப்ட். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும், ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்கிறாள், மறுமுனையை நான்.